சித்தப்பா தேய்த்த வாட்ச் லாக்

என் சித்தப்பா பொய் சொல்கிற மனிதர். முதலிலேயே சொல்லிவிடுகிறேன். செத்துப்போனவர்களைப் பற்றி நல்லதாக மட்டும் எழுத எனக்கு வராது. அவரிடம் நல்லதும் இருந்தது. ஆனால் பொய்யைக் கழித்துவிட்டு எழுதினால் அது அவராக இருக்காது, வேறு யாரோ.

வாயால் சொன்ன பொய் கொஞ்சம்தான். கையால் சொன்னதுதான் அதிகம். எது உடைந்தாலும், கிழிந்தாலும், கறை பட்டாலும், அப்படி ஒன்று நடக்கவே இல்லை என்பதுபோல ஆக்கி வைப்பார். முடித்ததும் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, பக்கத்தில் யார் இருந்தாலும் கேட்பார்.

"பாத்தா தெரியுதா?"

தெரிகிறது என்று சொன்னால் மறுபடியும் உட்கார்ந்துவிடுவார். அதனால் எங்கள் வீட்டில் எல்லோரும் தெரியவில்லை என்று சொல்லியே பழகிவிட்டோம்.

இராஜபாளையத்தில் ஒரு பேண்டேஜ் கம்பெனியில், துணி வெளுக்கிற பிரிவில் மேஸ்திரி வேலை. தறியிலிருந்து வருகிற துணியில் பருத்திக் கொட்டைத் தூசி, எண்ணெய்ச் சொட்டு, துருக்கறை எல்லாம் இருக்கும். அதையெல்லாம் காரத்தில் வேகவைத்து, வெளுத்து, அலசிக் காயப்போட்டால்தான் புண்ணில் கட்டுகிற துணியாகும். கறையைப் போக்கச் சம்பளம் வாங்கிய மனிதர், வீட்டுக்கு வந்தும் அதே வேலையைத்தான் செய்தார். விரல் நுனியெல்லாம் எப்போதும் ஊறின மாதிரி வெளுத்துக் கிடக்கும்.

நான் அவருடைய அண்ணன் மகள். அம்மா நான் நடை பழகுகிற வயதில் போய்விட்டாள். அப்பா நான் நாலாவது படிக்கும்போது போனார். பிள்ளையில்லாத சித்தப்பாவும் சித்தியும்தான் என்னை வளர்த்தார்கள். சோற்றிலும் துணியிலும் குறை வைத்ததில்லை. தீபாவளிக்கு எனக்கு எடுத்துவிட்டு, மிச்சம் இருந்தால்தான் அவருக்கு வேட்டி.

அப்பா குடித்துச் செத்தார். தெரு முழுக்கப் பார்த்தது. துட்டி கேட்க வந்தவர்களிடம் சித்தப்பா "நெஞ்சுவலி" என்றார். வந்தவர்களும் தலையை ஆட்டிவிட்டுப் போனார்கள். என்னிடமும் அதையேதான் சொன்னார். சாக்கடை ஓரத்திலிருந்து அப்பாவைத் தூக்கி வந்தபோது நான் வாசலில் நின்றிருந்தேன். அது அவருக்குத் தெரியும். தெரிந்தும் சொன்னார். எனக்கு அவர்மேல் கோபம் தொடங்கியது அந்த இடத்தில்தான் என்று நினைக்கிறேன்.

ஒரு பழைய சைக்கிள் வாங்கினார். வாங்கிய கையோடு பெயிண்ட் அடித்து, பாரிலும் மட்கார்டிலும் காகிதம் சுற்றினார், அன்றைக்குத்தான் கடையிலிருந்து இறக்கின மாதிரி. அந்தக் காகிதம் நைந்துபோனால் வேறு காகிதம் சுற்றுவார். வருஷக்கணக்கில் அந்த சைக்கிள் புதுசாகவே இருந்தது. எதிர்வீட்டுக்காரர் ஒருநாள், "ஏப்பா, எப்பப்பா இந்தச் சைக்கிளப் பிரிக்கப்போற?" என்று கேட்டே விட்டார். சித்தப்பா சிரிக்கவில்லை.

எனக்குச் சின்ன வயதில் அம்மை போட்டு, இடது கன்னத்தில் இரண்டு தழும்பு உண்டு. நான் அதைப் பற்றிக் கவலைப்பட்டதில்லை. அவர்தான் பட்டார். கஸ்தூரி மஞ்சள் வாங்கி வந்தார். ஏதோ களிம்பு வாங்கி வந்தார். மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கியபோது என்னை ஸ்டூடியோவுக்குக் கூட்டிப்போய்ப் படம் எடுத்தார். படம் கைக்கு வந்தபோது கன்னம் பலகை மாதிரி இருந்தது. ஸ்டூடியோக்காரரிடம் சொல்லித் தழும்பை டச்சப் பண்ணி எடுத்திருக்கிறார்.

"இது யாரு சித்தப்பா?" என்றேன்.

"நீதான். பாத்தா தெரியுதா?"

"நேர்ல வந்து பாத்தா தெரியுமே?"

"நேர்ல பாக்கும்போது பொட்டு, பூவு, நகைன்னு எம்புட்டோ இருக்கும். கன்னத்தையா பாக்கப் போறாக?"

கன்னத்தைத்தான் பார்த்தார்கள். முதலில் வந்தவர்கள் பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கம் இரும்புக்கடை வைத்திருந்தவர்கள். பையனின் அம்மா என் முகத்தையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்து, "போட்டோவுல இது இல்லையே" என்றாள். ஸ்டூடியோவில் வெளிச்சம் அதிகம் என்றார் சித்தப்பா. என்ன நினைத்தார்களோ, சரி என்றுவிட்டார்கள்.

நிச்சயத்தன்று மாப்பிள்ளை கையில் வாட்ச் கட்டுவது எங்கள் பக்கத்து வழக்கம். பெண் வீட்டு ஆள்தான் கட்டவேண்டும். சித்தப்பா துபாயிலிருந்து வந்த ஒருவரிடம் ஸ்டீல் செயின் போட்ட வாட்ச் ஒன்றை வாங்கி வைத்திருந்தார். என் அம்மாவின் வளையல் அதில்தான் போனது. வேறு நகை அம்மாவுக்கு இல்லை. இரும்புக்கடைக்காரருக்குக் கை மெலிசு. வாட்ச் முழங்கைப் பக்கம் சரிந்து தொங்கியது. கடையில் கொடுத்து அளவு சரிபண்ணிக்கொள்கிறோம் என்றார்கள்.

கல்யாணத்துக்குச் சில மாதம் இருக்கும்போது மாப்பிள்ளையின் தாத்தா செத்துப்போனார். எண்பதைத் தாண்டிய கிழவர், ஏற்கெனவே படுக்கையில் கிடந்தவர். பொண்ணு ராசி என்று பேச்சு வந்தது. பேசி வைத்ததை முறித்தார்கள். யாரோ ஒருவர் மஞ்சப்பையில் வாட்சைக் கொண்டுவந்து வாசலிலேயே கொடுத்துவிட்டுப் போனார். தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

நான் அழவில்லை. எனக்கு எரிச்சல்தான் வந்தது. சித்தப்பா பையைப் பிரித்து வாட்சை எடுத்தார், காதில் வைத்துப் பார்த்தார், திருப்பினார். செயினைப் பூட்டுகிற லாக்கில் கன்னாபின்னாவென்று கீறல். கம்பியும் ஆணியும் எடுத்துப்போடுகிற கை, வேறு எப்படி இருக்கும்? சித்தப்பாவின் முகம் அப்போதுதான் மாறியது. கல்யாணம் நின்ற செய்தி வந்தபோதுகூட அப்படி ஆகவில்லை.

"சம்மந்தம் முறிஞ்சதச் சொல்லித்தான் இனி மாப்பிள்ளை பாக்கணும் சித்தப்பா" என்றேன்.

"சொன்னா எவன் வருவான்?"

"வராதவன் வரவேண்டாம்."

"ஏட்டி, வாய அடக்கு. இத நான் சரிபண்ணிருதேன்."

எதைச் சரிபண்ணுவதாகச் சொன்னார் என்று எனக்குப் புரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் புரிந்தது. என் பழைய பரீட்சை அட்டையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, அதன் கிளிப்பில் துணி சுற்றி லாக்கைக் கடிக்கவைத்து உட்கார்ந்திருந்தார்.

அந்த லாக்கின் நடுப்பகுதி கண்ணாடி மாதிரி மின்னுவது இல்லை. மெல்லிய கோடுகள் நெருக்கமாக ஒரே பக்கம் ஓடி, மங்கலாக, பட்டுத்துணி மாதிரி இருக்கும். இரண்டு ஓரமும் மட்டும் பளபளவென்று இருக்கும். கீறலை எடுத்தால் அந்தக் கோடும் போய்விடும். கீறலை எடுத்துவிட்டுக் கோட்டைத் திரும்பக் கொண்டுவர வேண்டும். அது அவருக்கு முதலில் தெரியாது. உப்புத்தாளை விரலில் சுற்றி வட்டம் வட்டமாகத் தேய்த்தார். கீறல் போய்விட்டது. லாக் சோற்றுப்பானையின் அடி மாதிரி ஆகிவிட்டது.

"நல்லாருக்கு" என்றாள் சித்தி. "புளி போட்டு விளக்கிருங்க, கவுத்தி வச்சிரலாம்."

அடுத்த ஞாயிறு முன்னும் பின்னுமாகத் தேய்த்தார். கோடு வந்தது, ஆனால் நெளிந்து நெளிந்து வந்தது. ஓரத்துப் பளபளப்பும் போனது. அதற்கடுத்த ஞாயிறு கம்பெனியிலிருந்து பிளாஸ்திரி கொண்டுவந்து இரண்டு ஓரத்தையும் மூடி ஒட்டினார். ஒரு மரஸ்கேலை அணைப்பாக வைத்தார். பழைய அழிரப்பரில் உப்புத்தாளைச் சுற்றி, ஒரு சொட்டு தையல் மிஷின் எண்ணெய் விட்டு, ஒரே பக்கமாக இழுத்தார். இழுத்ததும் கையைத் தூக்கிவிடுவார். மறுபடியும் தொடங்கின இடத்தில் வைத்து இழுப்பார். மூச்சை அடக்கிக்கொண்டு இழுப்பார். யாரும் பேசக்கூடாது. குக்கர் விசில் அடித்தால்கூடத் திரும்பி முறைப்பார்.

"மாப்பிள்ளைக்கு வாட்ச் தேய்க்கீகளா, வாட்ச்சுக்கு மாப்பிள்ளை தேடுதீகளா?" என்றாள் சித்தி.

கோடு வந்துவிட்டது. ஒத்துக்கொள்கிறேன். பிளாஸ்திரியை உரித்து, மண்ணெண்ணெயில் துடைத்து, ஓரத்தையும் செயின் கண்ணிகளையும் பல்பொடி போட்டுத் துணியால் மெருகேற்றி, ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ச் சாய்த்துப் பார்த்தார். அப்படியே என்னிடம் நீட்டினார். மனிதர் அவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் பார்த்ததில்லை.

"பாத்தா தெரியுதா?"

"நான் என்ன லாக்கா சித்தப்பா?" என்றேன். "என்னயும் இப்படித் தேய்ச்சுத்தான் குடுக்கப் போறீகளா?"

அவர் வாட்சை ஒரு பெட்டியில் வைத்து மூடினார். பெட்டியும் பழையதுதான். அதன் மூலையைப் பசை போட்டு ஒட்டியிருந்தார்.

கடைசிக் காலத்தில் அவருக்கு நுரையீரல் கெட்டுப்போனது. அத்தனை வருஷம் வெளுப்புத் தொட்டிப் புகையில் நின்றவருக்கு வேறென்ன வரும்? நான் பார்க்க வருகிறேன் என்று தெரிந்தால் முகம் மழித்து, சலவைச் சட்டை போட்டு, நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார். நான் இருக்கிறவரை இருமலை அடக்கிக்கொள்வார். கழுத்து நரம்பு புடைக்கும். தெருமுனை திரும்புவதற்குள் இருமல் சத்தம் வெளியே கேட்கும். நான் திரும்பிப் போய்ச் சண்டை போட்டிருக்கிறேன். சண்டை போட்டு என்ன ஆயிற்று? ஒன்றும் ஆகவில்லை. அலுத்துப்போயிற்று.

அதெல்லாம் பின்னால் நடந்தது. இரண்டாவதாக வந்த மாப்பிள்ளை ஸ்ரீவில்லிபுத்தூர். கரண்ட் ஆபீஸில் வயர்மேன். பெண் பார்த்துப் பிடித்துப்போய், நிச்சயத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். சம்மந்தம் முறிந்ததைச் சித்தப்பா சொல்லவில்லை. நான் சொல்கிறேன் என்றதற்கு, "நீ வாயத் தொறந்தா நான் இந்த வீட்டுல இருக்க மாட்டேன்" என்றுவிட்டார். எனக்கோ அந்த இடம் அமையவேண்டும் என்று இருந்தது. அந்த ஆளைப் பிடித்திருந்தது. ஆனால் மறைத்துக்கொண்டு போய் அந்த வீட்டில் எத்தனை வருஷம் பயந்து சாவது? அதுதான் என்னை அரித்தது.

தாம்பாளம் மாற்றியாயிற்று. சித்தப்பா பெட்டியைத் திறந்து வாட்சை எடுத்து மாப்பிள்ளை கையில் மாட்டினார். போஸ்ட் மரம் ஏறுகிற ஆள். மணிக்கட்டு உலக்கை மாதிரி இருந்தது. லாக் மூடவில்லை. சித்தப்பா இழுத்தார். செயின் சதையில் புதைந்தது. இன்னும் கொஞ்சம் இழுத்தார். அவருக்கு வேர்த்துவிட்டது.

முதல் மாப்பிள்ளை கையில் வாட்ச் தொங்கினதைப் பார்த்தவர் அவர். அளவு சரிபண்ணுகிறோம் என்று அவர்கள் சொன்னதையும் கேட்டவர். சரிபண்ணுவது என்றால் கண்ணியைக் கழற்றுவது என்று யாருக்கும் தெரியும். அத்தனை ஞாயிறு அதை மடியில் வைத்துத் தேய்த்தவர் கண்ணில் கீறல்தான் பட்டது.

மாப்பிள்ளையின் அம்மா குனிந்து பார்த்தாள். "என்ன அண்ணாச்சி இது? புது வாட்ச்சுன்னா நீளமால்ல இருக்கும். கண்ணி கழட்டுன மாதிரில்ல இருக்கு?"

"கடைக்காரன் தப்பா வெட்டிட்டான்மா. நாளைக்கே போயி…"

"கடைக்காரன் வெட்டல" என்றேன். என் குரல் எனக்கே சத்தமாகக் கேட்டது. "இது மொதல்ல ஒருத்தருக்குக் கட்டுனது. பேசி முறிஞ்சு போச்சு. அவரு கை மெலிசு."

சித்தி என் தொடையில் கிள்ளினாள். சித்தப்பா லாக்கைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார்.

"அது எங்களுக்குத் தெரியும்" என்றாள் அந்தம்மா. "இரும்புக்கடைக்காரக வீடுதான? இங்கருந்து வில்லிபுத்தூருக்கு டவுன் பஸ்ஸுல சீட்டு வாங்கி முடிக்கதுக்குள்ள சேதி வந்துருச்சு. தெரிஞ்சுதான் வந்தோம். பொண்ணு மேல என்ன குத்தம்? ஆனா எவனோ கழட்டிப் போட்டத எம்மவன் கையில கட்டுவீகளா அண்ணாச்சி? அத மறைக்கவும் செஞ்சா, நாளைக்கு உங்கள நம்பி என்னத்தப் பேச?"

எழுந்துவிடுவார்கள் என்றுதான் நினைத்தேன். மாப்பிள்ளை மட்டும் வாட்சைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"லாக்கு மட்டும் புதுசா இருக்கே, எப்படி?" என்றார்.

இந்த இடத்தில் வேறு யாராவது இருந்தால் தலையைக் குனிந்திருப்பார்கள். சித்தப்பா நிமிர்ந்தார்.

"நான்தான் தேய்ச்சேன் மாப்பிள. ஓரத்துல பிளாஸ்திரி போட்டுக்கிடணும். ஒரே பக்கமா இழுக்கணும், திரும்பக் கொண்டாரவே கூடாது. வந்தா நெளிஞ்சுரும்."

"வீட்டுலயா?"

"வீட்டுலதான். உப்புத்தாளு."

"ஏலே!" என்றாள் அந்தம்மா மகனைப் பார்த்து. "இங்க என்ன பேச்சு நடக்கு, நீ என்ன கேக்க?"

"ரெண்டு கண்ணி இருந்தாப் போதும்மா. நான் கட்டிக்கிடுதேன்" என்றார் அவர்.

அந்தம்மா சித்தப்பாவிடம் சொன்னாள்: "சரி. அவனே கட்டிக்கிடுதேங்கான். அந்தக் கண்ணி அவக வீட்டுலதான் கெடக்கும். நீங்களே போயி வாங்கியாங்க. ஆளு விட்டு வாங்கக்கூடாது. இன்ன மாப்பிள்ளைக்கு, கட்டுததுக்குன்னு சொல்லிக் கேட்டு வாங்கணும். வாங்கிட்டுச் சொல்லுங்க, பத்திரிகை அடிப்போம்."

அவர்கள் போனபிறகு சித்தப்பா என்னிடம் பேசவில்லை. மறுநாள் மதுரைக்குப் போனார். அந்த செயினுக்குக் கண்ணி எந்தக் கடையிலும் இல்லை. சிவகாசி, விருதுநகர் எல்லாம் போனார். வேறு செயினிலிருந்து இரண்டு கண்ணி கழற்றி வந்து அரத்தால் ராவிப் பார்த்தார், சேரவில்லை. ஒவ்வொரு நாளும் பஸ்ஸிலிருந்து இறங்கி வரும்போது இன்னும் கொஞ்சம் கூனினமாதிரி வருவார். செலவுக்கோ அலைச்சலுக்கோ தயங்குகிற மனிதர் இல்லை அவர். பழைய பஸ் ஸ்டாண்டு வரை நடக்கத்தான் அவரால் முடியவில்லை.

"கெளம்புங்க, நானும் வாரேன்" என்றேன் ஒருநாள் காலையில்.

"நீ எதுக்குட்டி?"

"நீங்க போயி வேற எதயாவது சொல்லிருவீக."

இரும்புக்கடை வீட்டைத் தாண்டிப் போய்விட்டுத் திரும்பி வந்தார். கதவைத் தட்டியதும் அந்தப் பையனின் அம்மாதான் வந்தாள். எங்களைப் பார்த்ததும் கதவைப் பாதி மூடினாள். சண்டைக்கு வந்திருக்கிறோம் என்று நினைத்திருப்பாள்.

"ஒண்ணுமில்லம்மா" என்றார் சித்தப்பா. "அந்த வாட்ச்ச விக்கலாம்னு…"

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் துண்டை எடுத்து வாயைத் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார்.

"இல்லம்மா. புள்ளைக்கு வில்லிபுத்தூர்ல முடிவாயிருக்கு. அந்த வாட்ச்சத்தான் கட்டுதோம். மாப்பிள்ளைக்குக் கை பெருசு. நீங்க கழட்டுன கண்ணி இருந்தா… குடுத்தீகன்னா…"

அந்தப் பொம்பளை உள்ளே போனாள். வர நேரமாயிற்று. ஒரு குங்கும டப்பியை நீட்டினாள். திறந்தால் இரண்டு கண்ணியும் குங்குமத்தூளில் கிடந்தன. "நல்லபடியா நடக்கட்டும்" என்று சொல்லிவிட்டு என் கன்னத்தைத் தொட வந்தாள். நான் விலகிக்கொண்டேன். அவள் நல்லவளாக இருந்துவிட்டுப் போகட்டும், எனக்கு அது வேண்டாம்.

யாரும் கட்டாத கண்ணிகள். துடைத்ததும் சரியாக மின்னின. பல்பொடி போட்ட மற்ற கண்ணிகளுக்கு நடுவே அவை மட்டும் தனியாகத் தெரிந்தன. சித்தப்பா உப்புத்தாளை எடுத்து வந்தார். புதுசைப் பழசாக்கப் போகிறார் என்று எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று.

"விடுங்க சித்தப்பா. தெரிஞ்சாத் தெரியட்டும்."

ரொம்ப நேரம் கையில் வைத்திருந்தார். பிறகு தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

அந்த ஆவணியில் ஸ்ரீவில்லிபுத்தூரில் கல்யாணம் நடந்தது. வாட்ச் கட்டும்போது லாக் டக்கென்று மூடியது. அந்தச் சத்தம் எனக்குக் கேட்டது. மேளத்துக்கு நடுவே வேறு யாருக்குக் கேட்டிருக்கப் போகிறது! பக்கத்தில் நின்ற மாமியார் அந்த இரண்டு கண்ணியையும் பார்த்தாள். சித்தப்பாவையும் பார்த்தாள்.

வ. புதுப்பட்டியிலிருந்து வந்திருந்த அவர்கள் சொந்தக்காரர் ஒருவர் மேடைக்கு ஏறி வந்து, மாப்பிள்ளை கையைப் பிடித்துப் பார்த்தார். சந்தேகம் கேட்கிறதற்கென்றே கல்யாணத்துக்கு வருகிற ஆள்.

"இது என்ன, ரெண்டு கண்ணி மட்டும் தனியா மின்னுது?"

சித்தப்பா என்னைப் பார்த்தார். நானும் பார்த்தேன். சொல்லிவிடுவார் என்றுதான் நினைத்தேன். போய்க் கேட்டு வாங்கி வந்தவர்தானே, இனி மறைக்க என்ன இருக்கிறது?

"அதுவா? கம்பெனிக்காரனே அப்படித்தான் செய்யுதான்" என்றார் சித்தப்பா. "புது மாடலு. துபாய்ல இப்ப எல்லாரும் இதத்தான் கட்டுதாக."

மாமியார் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். என் பக்கத்தில் இருந்தவருக்குத் தோள் குலுங்கியது. நான் திட்ட வாயெடுத்தேன். மாலை கனமாக இருந்தது, காலையிலிருந்து சாப்பிடவில்லை, கழுத்து வலித்தது. விட்டுவிட்டேன்.

அந்தப் புதுப்பட்டிக்காரர் தன் மகளுக்கு நிச்சயம் பண்ணும்போது மதுரைக் கடை கடையாக ஏறி, இரண்டு கண்ணி மின்னுகிற செயின் இருக்கிறதா என்று கேட்டாராம்.